நாற்பத்தொரு சுவர்கள்

ஊரடங்கின் ஆறாவது வாரம், உச்சி வெயிலில் யாரோ ஸ்டூடியோவின் ஷட்டரைத் தட்டினார்கள்.

போலீஸாக இருக்குமோ என்று ஸ்டூடியோக்காரர் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் கள்ள நோட்டா அடித்துக்கொண்டிருந்தார்? வேலை இல்லாத கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நாட்களில் சொந்தக் கடைக்குள்ளேயே மனிதன் திருடன் மாதிரிதான் நிற்க வேண்டியிருந்தது.

"மாமா, நான்தான். திறங்க. வெயில் மண்டையப் பிளக்குது."

மனைவியின் தம்பி. நாற்பது வயது, முன்னால் நடக்கும் தொப்பை. மருந்துக்கடையிலிருந்து வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுப்பவன் என்பதால் கையில் அனுமதிச் சீட்டு இருந்தது. அந்த வட்டாரத்திலேயே பயமில்லாமல் நடமாடிய ஒரே ஜீவன் அவன்தான். ஊர் அவனை 'மாத்திரை' என்று கூப்பிடும். ஆளைப் பார்த்தால் மருந்துப் பெட்டி என்றே கூப்பிட்டிருக்கலாம்.

மாத்திரை போனை நீட்டினான். அதில் ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில போயிட்டார் மாமா. முகத்தைக்கூடக் காட்டலியாம். இவர் போனும் அங்கேயே தொலஞ்சு போச்சு. வீட்டுல இருக்கிறது இந்த ஒரே படம்தான். பெரிசாக்கிச் சட்டம் போட்டு மாட்டணுமாம். ஆனா கண்ணு திறந்திருக்கணுங்கறாங்க."

கண்ணைத் திறப்பது ஸ்டூடியோத் தொழிலில் தினப்படி வேலை. கல்யாண வீட்டில் முப்பது பேரை நிற்க வைத்துப் படம் எடுத்தால், ஒரு மகராசனாவது கண்ணை மூடியிருப்பான். அவனுடைய இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து இதில் வைத்துவிடுவார்கள். அவன் கண், அவனுக்கே. யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பெரியவருக்கு இன்னொரு படம் இல்லையே!

இரண்டு நாள் கணினி முன்னால் மல்லுக்கட்டினார் ஸ்டூடியோக்காரர். இணையத்தில் கிடைத்த யார் யாருடைய கண்ணையோ வெட்டி வைத்துப் பார்த்தார். எதை வைத்தாலும் பெரியவர் திருவிழாப் பொம்மை மாதிரி முழித்தார். டீ கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பாவம் மனுஷன். இப்படி முழிக்கிறதுக்கு அவர் தூங்கிட்டே இருக்கலாம்."

அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். வடக்கு வெளிச்சம் அவள் முகத்தில் பாலாக விழுந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் கேமராவை எடுத்தார்.

"அங்கேயே நில்லு. அசையாதே."

நேராக, இடமாக, வலமாக, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று ஏழு கோணத்தில் அவள் கண்களை மட்டும் எடுத்தார்.

"கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்துல இன்னிக்குத்தான் என் கண்ணைப் பார்க்கறீங்க," என்றாள் அவள். "அதுவும் அடுத்தவனுக்குக் குடுக்கறதுக்கு."

பெரியவரின் முகத்தில் அந்தக் கண்களைப் பொருத்தி, நிறத்தைச் சரி செய்து, இமைக்கு மேலே சுருக்கம் வரைந்தார். கருமணியில் ஜன்னல் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில், உற்றுப் பார்த்தால், கேமராவோடு நிற்கும் அவருடைய உருவமும் எறும்பளவு தெரிந்தது. வழக்கமாக அதையெல்லாம் அழித்துவிடுவார். அழித்துப் பார்த்தபோது உயிர் போய்விட்டது. திரும்ப வைத்தார்.

மறுநாள் பெரியவரின் மகன் போனில் அழுதான். "அப்பா என்னையே பார்க்கறார் சார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்க்கறார்."

அதற்குப் பிறகு சொல்லவா வேண்டும்? வாய் வார்த்தையாகப் பரவியது. மாத்திரை போகிற வீடெல்லாம் யாராவது ஒரு படத்தை நீட்டினார்கள். அடையாள அட்டை நகலில் கண் இருந்த இடத்தில் மை அப்பிய அம்மா. கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணன். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வந்த கடைசி வீடியோ அழைப்பில், ஆக்ஸிஜன் மூடியோடு கண் செருகிக் கிடந்த ஓர் இளம்பெண். மூடிய ஷட்டருக்குப் பின்னால் பிரிண்டர் ஓய்வில்லாமல் ஓடியது. செத்தவர்களால் பிழைக்கிறோமே என்று ஸ்டூடியோக்காரருக்கு உறுத்தத்தான் செய்தது.

"கடைசியா ஒரு தடவ பார்க்க விடாத காலம் இது," என்றாள் மனைவி. "ஒரு படமாவது இருக்கட்டுமே. நல்ல காரியம்தான் பண்றீங்க. என் கண்ணு தேஞ்சா போகப்போகுது?"

மொத்தம் நாற்பத்தொரு படங்கள். நாற்பத்தொரு வீட்டுச் சுவர்களில் அவளுடைய கண்கள்.

முதலில் மாத்திரைதான் அவளிடம் மாட்டிக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவனைத் தட்டு வைத்த கையோடு அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, ஆணி வளைஞ்சா என்ன? ஒரு சின்னக் குழந்தை நிக்குது, அது முன்னாடி அந்த வார்த்தையா பேசுவே? வாயைக் கழுவிட்டு வா."

மாத்திரை சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரு சொல்லணும்? நான்தான் பார்த்தேனே. ரோஸ் கலர் சோபா மேல ஏறி நின்னு ஆணி அடிச்சே. பக்கத்துல பாப்பா ஒத்தைச் செருப்போட நின்னுது."

சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். மாத்திரை சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"மாமா," என்றான் மெதுவாக. "அந்த வீடியோ கால் பொண்ணு வீடு. காலையிலதான் மாட்டிட்டு வந்தேன். நிஜமாவே ஒத்தைச் செருப்பு மாமா."

ஸ்டூடியோக்காரர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மூளை சும்மா இருக்குமா, எங்கோ போனில் கேட்டதைச் சொல்கிறாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்வதற்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே, "அந்தப் பெரியவர் வீட்டுல கடிகாரம் நின்னுபோச்சு, யாருமே கவனிக்கல," என்பாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் என் எதிரிலேயே அடிச்சுக்கறாங்க. சே!" என்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து ஓடும். அவள் எதிரிலேயே நிற்பாள். பார்க்கமாட்டாள்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். படம் எடுக்கிறவனுக்குத்தான் அது கண்ணில் படும்.

அவள் இமைக்கவில்லை.

ஒரு நிமிஷம் காத்திருந்தார். இரண்டு நிமிஷம். கண் சிவந்து, ஓரத்தில் நீர் கோத்து, கன்னத்தில் வழிந்தது. இமை அசையவில்லை.

"கண்ணைச் சிமிட்டு," என்றார்.

"மறந்து மறந்து போகுதுங்க," என்றாள் அவள். "அங்கே சிமிட்ட முடியாதில்ல, அதான்."

அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, நகை பார்க்கிற கண்ணாடி மாதிரித் தான் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். கருமணியில் என்ன தெரிகிறது என்று பார்த்தார். எதிரே இருப்பதுதானே அதில் தெரியவேண்டும்? ஜன்னல் தெரியவேண்டும். குனிந்து பார்க்கும் அவர் முகம் தெரியவேண்டும்.

ஜன்னல் இல்லை.

அவரும் இல்லை.

ரோஸ் நிறத்தில் ஒரு சோபா இருந்தது. அதன் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு எறும்பளவில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழுந்து, கிட்டே வந்து, நிமிர்ந்து பார்த்தது.

பூதக்கண்ணாடி கை நழுவி விழுந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் அவள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது, பக்கத்தில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல. "பார்க்கறதுகூடப் பரவாயில்ல. என்னை நகரச் சொல்றாங்க."

"யாரு?"

"எனக்குப் பின்னாடி நிக்கிறவங்க. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளயும் ஒருத்தர் நிக்கிறாங்க. 'கொஞ்சம் தள்ளும்மா, என் வீட்டை நான் பார்க்கணும்'ங்கறாங்க. அவங்க பார்க்க வேண்டிய எடத்துல நான் நிக்கிறேனாம். எப்படி நகர்றதுன்னு எனக்குத் தெரியலயே."

தெரு அப்படியே அடங்கிக் கிடந்தது. தூரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று போனது. ஸ்டூடியோக்காரர் பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அவருக்கு அவள், அவளுக்கு அவர், இரண்டு பேருக்கும் இந்த ஸ்டூடியோ. இதில் அவளும் போய்விட்டால் அவர் யாருக்காக ஷட்டரைத் தூக்குவார்?

அதற்கடுத்த நாள் சட்டங்களுக்குள் நின்றவர்களும் அவள் கண் வழியே பார்க்கத் தொடங்கினார்கள்.

பிரிண்டரில் தாள் மாட்டிக்கொண்டிருந்தவர், முதுகில் ஏதோ குறுகுறுக்கத் திரும்பினார். மனைவி கதவோரம் நின்றிருந்தாள். தலையை லேசாகச் சாய்த்து, இடது புருவத்தை மட்டும் உயர்த்தி, அவரை எடை போடுவது போலப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். அந்தப் புருவத்தை ஒவ்வொரு முடியாகத் தீட்டியவர் அவர்தானே. நாற்காலிப் பெரியவர்!

"இது யாரோட எடம்?" என்று கேட்டாள். உடனே தலையை உலுக்கிக்கொண்டாள். "என்னங்க, கூப்பிட்டீங்களா?"

மாலைக்குள் இன்னும் மூன்று பேர் அவளுக்குள் வந்து போனார்கள். கறுப்புக் கண்ணாடி அண்ணன் வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசினார். மை அப்பிய அம்மா அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். யார் யார் என்று ஸ்டூடியோக்காரர் ஒருத்தரையும் தவறவிடாமல் அடையாளம் கண்டார். வாடிக்கையாளர்கள் ஆயிற்றே.

அன்றே கணினியிலிருந்த ஏழு கோணங்களையும் அழித்தார். நாற்பத்தொரு படங்களையும் வந்தபடியே, கண் மூடியிருந்தால் மூடியபடி, மறுபடி பிரிண்ட் போட்டார். மாத்திரையை உட்கார வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எப்படியாவது பழசைத் திருப்பி வாங்கிட்டு வாடா. மை கெட்டுப்போச்சு, சீக்கிரம் வெளுத்துடும், புதுசா மாத்தித் தர்றோம்னு சொல்லு. என்ன திட்டினாலும் வாங்கிக்க."

மாத்திரை வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி, "மறுபடியும் எம்புருஷனைக் கொண்டு போறியேடா," என்று வாசல்வரை வந்து அழுதாள். அந்த வீட்டிலிருந்து திரும்பியவன் அன்று சாப்பிடவே இல்லை. ஆனாலும் அக்காவாயிற்றே, மறுநாள் காலையில் கிளம்பிவிட்டான். படம் வர வர ஸ்டூடியோக்காரர் கண்களைக் கத்தரித்துத் தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கினார்.

பதினேழாவது படம் வந்த அன்று அவள் ஒரு தடவை இமைத்தாள்.

முப்பதாவது வந்தபோது பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்தாள். நாற்பதாவது வந்த அன்று, "தாடியை மழிங்க, பார்க்கச் சகிக்கல," என்று அவரைத் திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு ஒரு மனிதன் ஆனந்தக் கண்ணீர் விட்டான் என்றால் நம்புவீர்களா? விட்டார்.

மிச்சம் ஒன்று. ரோஸ் சோபா வீடு.

"அது மட்டும் இருக்கட்டுங்க," என்றாள் மனைவி.

"என்ன பேசறே நீ? பட்டது போதாதா?"

"அந்தப் பாப்பா தினமும் மத்தியானம் என்னைப் பார்த்துட்டேதான் தூங்குது. இன்னிக்கு என்ன சாப்பிட்டேன், எங்கே இடிச்சுக்கிட்டேன், எல்லாத்தையும் எங்கிட்ட வந்து சொல்லுது. கண்ணை மூடிட்டா அது யார்கிட்டச் சொல்லும்?"

"அது உன்னைப் பார்க்கல. அவ அம்மாவைப் பார்க்குது."

அவள் தோளைத் தொட்டுக்கொண்டாள்.

"அவ அம்மாவும் அங்கதான் நிக்கிறா. மத்தவங்க எல்லாரும் தள்ளு, தள்ளுன்னாங்க. இவ ஒண்ணுமே கேக்கறதில்ல. என் தோள்ல தாடைய வச்சுக்கிட்டு, சத்தமில்லாம நிக்கிறா."

அவள் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருப்பதை அப்போதுதான் அவர் பார்த்தார். பாரம் சுமக்கிற தோள் அப்படித்தான் தாழும்.

மறுநாள் ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியிருந்தார்கள். மாத்திரையை நம்பிப் பிரயோஜனமில்லை, குழந்தை அழுதால் அவனும் கூட உட்கார்ந்து அழுவான். மூடிய கண் படத்தைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோக்காரரே கிளம்பினார். தெருவில் ஆட்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, சுவரோரமாக நடந்தார்கள். முகமூடிக்கு மேலே கண்கள், கண்கள், கண்கள். ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

மூன்றாவது மாடி. படிக்கட்டில் கிருமிநாசினி நெடி. கதவைத் திறந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். பஸ் ஓட்டுகிறவர், ஓட்ட பஸ் இல்லாமல் இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறவர். உள்ளே புளித்த பால் வாடை அடித்தது. சோபாவில் குழந்தை ஒருக்களித்துப் படுத்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

"நானே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு நெனச்சேன் சார்," என்றார் ஓட்டுநர் ரகசியக் குரலில். "வந்து பாருங்க."

சுவரில் படம் மாட்டியிருந்தது. அவர் செய்த படம்தான், அவர் போட்ட சட்டம்தான்.

கண்கள் மூடியிருந்தன.

"ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் திறந்துதான் சார் இருந்துச்சு. பாப்பா தூங்கப் போச்சு. திரும்பிப் பார்த்தேன், மூடியிருக்கு. மை ஏதாவது…"

ஸ்டூடியோக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். இமை இரண்டும் அழகாகப் படிந்திருந்தன. தூரிகை பட்ட தடமே இல்லை. அவருக்கு நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது. விட்டுவிட்டாள்! இந்தப் பெண் தானாகவே விட்டுவிட்டாள். மனைவியின் கண்ணே இல்லாத படத்தை எதற்குப் பிடுங்க வேண்டும்? குழந்தை கையிலிருந்து அம்மாவைப் பறித்த பாவம் எதற்கு?

சட்டத்தைக் கழற்ற நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"மைதான் தம்பி. ஒண்ணும் பயப்படாதீங்க. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

திரும்பும்போது கிட்டத்தட்ட ஓடினார். ஷட்டர் அரைவாசி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார். மனைவி ஸ்டூடியோவின் நடுவில், படம் எடுக்க உட்காருகிற ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் இமைத்தாள். மறுபடி இமைத்தாள். கண்ணில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. தோள் இரண்டும் சமமாக இருந்தன.

"முடிஞ்சுதும்மா," என்றார் அவர். "எல்லாம் முடிஞ்சுது."

அவளை அணைத்துக்கொள்ளக் கையை நீட்டியபடி ஓரடி வைத்தார்.

அவள் சட்டென்று எழுந்து பின்னால் நகர்ந்தாள். மேஜை மேலிருந்த முகமூடியை எடுத்து, மூக்கும் வாயும் மறைய அவசரமாக மாட்டிக்கொண்டாள். அன்னியர் யாராவது கிட்டே வந்தால் அப்போது எல்லோரும் செய்தது போல.

"தள்ளி நில்லுங்க சார்," என்றாள். சுவர், பிரிண்டர், ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது எந்த ஆஸ்பத்திரி? எம் பாப்பா எங்கே சார்?"

நீட்டிய கையோடு அவர் அப்படியே நின்றார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"சார், கண்ணு திறந்துடுச்சு சார்," என்றார் ஓட்டுநர். அவர் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது. "பாப்பா கிட்டவே போகமாட்டேங்குது. இது அம்மா இல்லையாம், வேற யாரோவாம். உள்ளயிருந்து 'என்னங்க, என்னங்க'ன்னு யாரையோ கூப்பிட்டுட்டே இருக்காங்களாம் சார். எனக்கு ஒண்ணும் கேக்கல. புள்ள காதைப் பொத்திக்கிட்டு அழுது."